போர்க்கோல விழாவில் வணிகன்

பண்டைக் காலத்துப் போரைப் பிற்காலத்தார் கோலம் பூண்டு நடித்துக் காட்டுதல் உலகில் பல நாடுகளிலும் உள்ள வழக்கம். இங்கிலாந்தில் 1066-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஹேஸ்டிங்ஸ் போரை அது நடந்த நிலத்திலேயே நடித்துக் காட்டுகின்றனர். நெப்போலியன் தோல்வியுற்ற வாட்டர்லூப் போர் நடந்து இருநூறாண்டு நிறைந்த 2015-ஆம் ஆண்டில், ஆயிரக்கணக்கானோர் அக்காலப் படையுடை தரித்து அக்களத்தில் அணிவகுத்து நின்றனர். அமெரிக்காவில் 1863-இல் நிகழ்ந்த கெட்டிஸ்பர்க் போரும் இவ்வாறே நடிக்கப்பெறுகின்றது. நம் தமிழ்நாட்டிலும் இவ்வழக்கம் புதியதன்று. திருச்செந்தூர்க் கடற்கரையில் ஐப்பசித் திங்களில் நிகழும் சூரசம்மாரமும், வடமாவட்டங்களில் திரௌபதியம்மன் கோயில்களின் முன் பாரதப் போரை நடித்து முடிக்கும் படுகளமும், நம் தென்பாண்டிச் சீமையில் விடிய விடிய ஆடப்பெறும் கட்டபொம்மன் நாடகமும் இவ்வகையைச் சார்ந்தனவேயாம்.

இவ்விடங்களிலெல்லாம் போர்க்கோலம் பூண்டோர் ஒரு வகையினர். காண வந்தோர் மற்றொரு வகையினர். இவ்விரு வகையினரைக் குறித்தும் பேசுவோர் பலர். மூன்றாம் வகையார் ஒருவரும் ஆங்கு உளர். களத்தின் ஓரத்தில் நான்கு கழி நட்டு, மேலே தார்ப்பாய் கட்டி, தரையில் சாக்கை விரித்துத் தம் பண்டத்தைப் பரப்பி அமர்ந்திருக்கும் வணிகரே அவர். அமெரிக்கப் படைகளைப் பின்தொடர்ந்து சென்று பண்டம் விற்றோரை அந்நாட்டார் ‘சட்லர்’ என்று அழைத்தனர். இன்று அப்போரை நடிப்போரிடம் பண்டம் விற்போரும் அப்பெயரையே பூண்டுள்ளனர். நம் நாட்டில் அவருக்குத் தனிப்பெயர் ஒன்றும் இல்லை; ‘கடைக்காரர்’ என்பதோடு முடிந்தது. யான் ஈண்டு எழுதப் புகுந்தது இம்மூன்றாம் வகையாரைக் குறித்தே.

இதனை எழுத நேர்ந்த காரணம் இது. கோடை விடுமுறையில் யான் என் தாய்மாமனுடன் பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் விழாவிற்குத் துண்டு விற்கச் சென்றேன். மாமன் அருப்புக்கோட்டையில் நெசவாளரிடம் துண்டும் கைலியும் வாங்கி, சுற்றுவட்டாரத்துத் திருவிழாக்களில் கடை விரிப்பவர். விடுமுறை முடிந்து கல்லூரிக்கு மீண்ட பின் இதனைக் கேட்ட நண்பர் இருவர் இரண்டு தடைகளை எழுப்பினர். ஒருவர், ‘வீரத்தைப் போற்றும் இடத்தில் காசு எண்ணுவது அவ்வீரத்தைச் சிறுமைப்படுத்துவதாகும், தமிழ்ச் சிறப்பு வகுப்பில் புறநானூறு கற்கும் நீ அதனைச் செய்யலாமா?’ என்றார். மற்றவர், ‘சமாதானத்திற்கு அழைக்கப்பட்ட கிறிஸ்தவன் போரைக் கொண்டாடும் இடத்தில் ஊதியம் தேடலாமா?’ என்றார். இவ்விரு வினாக்களும் எளிதில் தள்ளத்தக்கன அல்ல. ஆதலின் விடையைச் சற்று விரித்தே கூற வேண்டும்.

முதற்கண் அவ்விழாவின் பின்னணியைச் சுருங்கக் கூறுவேன். 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஆர்க்காட்டு நவாபின் பெயரால் பாளையக்காரரிடம் திறை தண்டும் உரிமை ஆங்கிலக் கம்பெனியார் கைக்கு வந்தது. திறைபற்றி எழுந்த பூசல், 1798-ஆம் ஆண்டு செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சன் முன் நிகழ்ந்த கைகலப்பாக முற்றியது. 1799 செப்டம்பர் 5-ஆம் நாள் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். அக்டோபர் 16-ஆம் நாள் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். சிறைப்பட்ட அவர் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரி 2-ஆம் நாள் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பி, இடிக்கப்பட்ட கோட்டையைச் சில நாட்களிலேயே மீண்டும் எழுப்பினார். அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் கம்பெனிப் படையின் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. மே 24-ஆம் நாளே கர்னல் அக்னியூ அக்கோட்டையைக் கைப்பற்ற முடிந்தது. மண்ணோடு மண்ணாக்கப்பட்ட அவ்விடத்தில் 1974-ஆம் ஆண்டு தமிழக அரசினர் நினைவுக்கோட்டை ஒன்றை எழுப்பினர். ஆண்டுதோறும் மே மாதத்தில் வீரசக்கதேவி கோயிலில் நிகழும் விழாவிற்குப் பல ஊர்களிலிருந்தும் இளைஞர் சோதி ஏந்தி ஓடிவருவர். உறுமி முழங்கத் தேவராட்டம் நிகழும்.

இனி முதல் தடைக்கு வருவோம். வணிகன் வீரத்தைச் சிறுமைப்படுத்துகின்றான் என்பார், போர் என்பது வாளும் வேலும் மட்டுமே என்று எண்ணுகின்றனர் போலும். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1791-ஆம் ஆண்டு மே மாதத்தில் கார்ன்வாலிஸ் பிரபு திப்பு சுல்தானின் தலைநகராகிய சீரங்கப்பட்டணத்தின் அண்மைவரை சென்றார்; போரிலும் வென்றார். ஆயினும் அவர் பின்வாங்க நேர்ந்தது. காரணம் யாது? பீரங்கிகளை இழுக்கும் மாடுகள் மடிந்தன; படைக்குத் தானியம் இல்லை. கோட்டையை இடிக்கக் கொண்டுசென்ற பெரும் பீரங்கிகளைத் தம் கையாலேயே அழித்துவிட்டு அவர் திரும்பினார். திரும்பும் வழியில் துணைக்கு வந்த மராட்டியப் படையை எதிர்கொண்டபோது, அப்பாளையத்தினுள் ஒரு முழுக் கடைத்தெருவே இயங்குவதை ஆங்கிலேயர் கண்டனர். விலை மிகுதியாயினும் பண்டம் இருந்தது; பசித்த படை பிழைத்தது. பின்னர் 1799-ஆம் ஆண்டு மைசூர்ப் போரில், பொதிமாட்டுக் கூட்டங்களோடு ஊர் ஊராகத் தானியம் கொண்டுசென்று விற்கும் இலம்பாடி வணிகரையே ஆங்கிலப் படை பெரிதும் நம்பியிருந்தது. ஆகவே களத்தில் வணிகன் இருத்தல் புதிதாக நுழைந்த இடையூறன்று. அவன் இல்லாத களத்தை நடிப்பதே வரலாற்றிற்கு மாறானது.

பாஞ்சாலங்குறிச்சிக் கதையிலும் இஃதே காணக்கிடக்கின்றது. கம்பெனியாரின் நெற்களஞ்சியம் திருவைகுண்டத்தில் கொள்ளையுண்ட செய்தி நாடகங்களில் தவறாது இடம்பெறும். பூசலின் நடுவே நெல் நிற்பதை அது காட்டுகின்றது. ஊமைத்துரை சிறைமீண்ட நிகழ்ச்சியை நாட்டார் சொல்லும் வகையோ இன்னும் சுவையுடையது. அவரை மீட்க வந்தோர் திருச்செந்தூர் செல்லும் அடியார் போலவும், விறகு விற்போர் போலவும், இலை விற்போர் போலவும் வேடம் பூண்டு பாளையங்கோட்டையினுட் புகுந்தனர் என்றும், விறகுக் கட்டினுள் ஆயுதம் மறைத்துச் சென்றனர் என்றும் வழிவழியாகக் கூறுவர். படைவீரன் வணிகன் வேடம் பூண்டு வரலாற்றை மாற்றினான் என்று போற்றும் நாம், மெய்யான விறகு வணிகனை அவ்விழாவில் ஏளனம் செய்தல் பொருந்துமோ?

இலக்கியம் பயில்வோர்க்கு இதனை நினைவூட்டவும் வேண்டுமோ? தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில், அவன் வென்ற போர்களுக்கு எத்துணை இடம் உண்டோ, அதற்குக் குறையாத இடம் மதுரையின் நாளங்காடிக்கும் அல்லங்காடிக்கும் உண்டு. நிலையாமையை உணர்த்த வந்த அப்பாட்டில், பகலும் இரவும் ஓயாத அங்காடியின் இயக்கத்தைப் புலவர் விரித்துரைத்தது கருதத்தக்கது. கலிங்கத்துப்பரணியிலோ போர் முடிந்த பின் பேய்கள் கூழ் அடுகின்றன. அக்கூழ் நம்மை நடுங்கச் செய்வது. ஆயினும், போர்க்கள நூலின் இறுதியிலும் பசியும் அடுப்பும் வந்தே தீரும் என்பதைச் செயங்கொண்டார் அறிந்திருந்தார்.

எம் ஊர்ப்புறத்தைக் குறித்தும் ஒன்று கூறுதல் வேண்டும். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் நீர் ஓடும் நாட்கள் சில. கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் கம்பும் குதிரைவாலியும் மிளகாயும். இத்தகைய நிலத்தில் வாணிகமே பலருக்கு இரண்டாம் விளைநிலமாயிற்று. அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, விருதுநகர், சாத்தூர், சிவகாசி, திருமங்கலம் ஆகிய ஆறு ஊர்களில் குடியேறிய நாடார் வணிகர், கள்வர் அச்சம் மிகுந்திருந்த அக்காலத்தில், வண்டியும் மாடும் சரக்கும் இரவில் பத்திரமாய்த் தங்குதற்குச் சுவர் சூழ்ந்த பேட்டைகளை அமைத்தனர். விற்ற பண்டத்திற்கு இவ்வளவு என்று மகமை தண்டி, பேட்டையையும் கிணற்றையும் காவலையும் பேணினர். பிற்காலத்தில் அம்மகமையிலிருந்தே பள்ளிகள் எழுந்தன. பாளையக்காரர் கட்டிய கோட்டைகளைப் பானர்மன் இடித்தார். வணிகர் கட்டிய பேட்டையின் பயனோ பள்ளிக்கூடமாய் வளர்ந்தது. இவ்விரண்டும் நம் சீமையின் வரலாறே. ஒன்றுக்கு நாடகம் உண்டு, மற்றொன்றுக்கு இல்லை.

இனி, கடையில் அமர்ந்திருந்து யான் கண்டவற்றுள் சில. மே மாத வெயிலில் துண்டு என்பது அழகுக்கு அணிவதன்று. சோதி ஏந்தி ஓடிவந்தோர் வாங்கினர். பந்தோபஸ்துக்கு வந்த காவலர் வாங்கி, நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டனர். குழந்தையைத் தோளில் சுமந்து வந்த தாய்மார் அதனை நிழலாக்க வாங்கினர். அண்மையில் ஓர் ஊரில் அதே கோடையில் கட்டபொம்மன் நாடகம் நடந்தபோது அங்கும் கடை விரித்தோம். இரவெல்லாம் மேடையில் ஒருவரையொருவர் சினந்து முழங்கிய கட்டபொம்மனும் ஜாக்சன் துரையும் விடியற்காலையில் எங்கள் கடைக்கு ஒருங்கே வந்தனர். ‘அண்ணாச்சி, அரிதாரம் துடைக்க நல்ல ஈரிழைத் துண்டாக இரண்டு கொடுங்கள்’ என்று துரையே கேட்டார். கட்டபொம்மன் விலையைக் குறைக்கச் சொல்லி வழக்காடினார். திறை கொடுக்க மறுத்தவர் துண்டுக்கும் காசு கொடுக்க மறுக்கின்றார் என்று மாமன் நகைக்க, மூவரும் சிரித்தனர். காண்போர் மேடையை நோக்கியிருந்தமையால் போரைக் கண்டனர். யாம் மேடையின் பின்புறத்தில் இருந்தமையால் போர் முடிந்த பின் நிகழ்வதையும் கண்டோம்.

வணிகன் இருக்குமிடத்தின் சிறப்பு இதுவே. அவன் கடை முன் யாவரும் ஒரு நிரையில் நிற்க வேண்டும். யாவர்க்கும் ஒரே விலை. வள்ளுவர் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தை வணிகர்க்குரிய குறளோடு முடித்தது காரணமின்றி அன்று. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுதலே வாணிகம் என்னும் கருத்துடையது அது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழ வந்த புலவரும், கொள்வதில் மிகை கொள்ளாமையையும் கொடுப்பதில் குறைபடாமையையுமே எடுத்துக் கூறினார். துலாக்கோலின் நாவைத் தமிழர் நீதிக்கு உவமையாக்கினர். வாளின் கூர்மையை அவ்வாறு ஆக்கவில்லை.

ஆயின் வணிகன் என்ற அளவிலே ஒருவன் குற்றமற்றவன் ஆகிவிடுவானோ? ஆகான். அதுவே யான் இக்கட்டுரையில் வற்புறுத்த விழைவது. போர்விழாவில் இருவகை வாணிகம் உண்டு. பசிக்கும் வெயிலுக்கும் வேண்டியதை விற்பது ஒன்று. பகைக்கு வேண்டியதை விற்பது மற்றொன்று. முன்னது அறம், பின்னது இழிவு.

இதற்குப் பெருஞ்சான்று அவ்விழாவின் கதையே. கிழக்கிந்தியக் கம்பெனி 1600-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் பட்டயம் பெற்ற ஒரு வணிகர் கூட்டம் அன்றோ? மிளகும் துணியும் வாங்க வந்தோர், நவாபின் கடனையும் பாளையக்காரர் தம்முட் கொண்ட பகைமையையும் மூலதனமாக்கினர். எல்லைப் பூசலில் ஒருவர்க்கு உதவி மற்றவரை ஒடுக்கினர். அடுத்த ஆண்டு உதவி பெற்றவரையும் அடக்கினர். துலாக்கோலோடு வந்து படையோடு நின்ற கூட்டம் அது. வணிகன் நடுவுநிலை பிறழ்ந்தால் ஒரு நாடே அடிமைப்படும் என்பதற்கு இதனினும் வேறு எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. நாடகத்தில் ஜாக்சன் துரையை வெகுண்டு நோக்கும் நாம், அவருக்குப் பின்னே கணக்குப் புத்தகத்தோடு நிற்கும் வணிகரை நோக்குவதில்லை.

இக்காலத்தும் அத்தகைய வாணிகம் அழிந்ததென்று கூற இயலாது. தென்மாவட்டங்களில் வீரர் நினைவு விழாக்கள் பல. விழா நாட்களில் மாவட்டம் முழுதும் தடையுத்தரவு பிறப்பிக்க வேண்டிய நிலை பன்முறை நேர்ந்துள்ளது. வீரனுக்கு விழா எடுக்கும் நாளில் ஊரார் கதவடைத்திருப்பது அவ்வீரனுக்குப் பெருமையாகுமோ? இதனிடையே, இன்னார் கூட்டத்திற்கு இன்ன நிறம் என்று குறித்துத் துண்டும் தலைநாடாவும் கொடியும் விற்போர் உளர். வேறோர் ஊர் விழாவில் இளைஞர் நால்வர் எம் கடைக்கு வந்து, தம் கூட்டத்தின் நிறத்தைக் கூறி, ‘அந்த நிறத்தில் ஐம்பது துண்டு இருக்கிறதா, அண்ணாச்சி? கேட்ட விலை தருகிறோம்’ என்றனர். மாமன், ‘வெள்ளையும் கட்டம் போட்டதும்தான் தம்பி நம்மிடம் உண்டு, வேர்வை துடைக்க நிறம் எதற்கு?’ என்று கூறி அனுப்பிவிட்டார். அவர்கள் அடுத்த கடையில் அவற்றைப் பெற்றனர்.

அவர்கள் சென்றபின் யான், ‘நாம் விற்காவிட்டாலும் பிறர் விற்கின்றனரே மாமா, நமக்கு வர வேண்டிய ஊதியம் போயிற்றே’ என்று கூறினேன். அதற்கு அவர், ‘மருமகனே, இந்த நிறத்தை இன்றைக்கு விற்றால் நாளைக்கு அடுத்த ஊர்க்காரன் என் கடைக்கு வரமாட்டான். ஒரு நாள் ஊதியத்திற்குப் பாதி ஊரை இழப்பவன் வியாபாரியா?’ என்றார். நூல் பல கற்றோர் சமரசம் என்று எழுதுவதை அவர் கைம்முதல் கணக்கில் கண்டிருந்தார். பிறர் செய்கின்றனர் என்பது தீமைக்கு விடையாகாது. கேட்பவன் கேட்கின்றான், கொடுப்பவன் மேல் குற்றம் என்ன என்று வாதிப்போர், முப்பது வெள்ளிக்காசை எண்ணிக் கொடுத்தோரையும் குற்றமற்றோர் என்று கூற வேண்டிவரும்.

இவ்வாறு நிறம் பிரிப்போர் அவ்வீரர்களின் வரலாற்றையேனும் கருதிப் பார்த்தல் வேண்டும். கட்டபொம்மனின் பக்கத்தில் நின்ற வெள்ளையத்தேவன் யார்? சுந்தரலிங்கம் யார்? தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை யார்? பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுவோர்க்கே, அப்படை ஒரு குலத்தின் படையன்று என்பது விளங்கும். ஒருங்கே நின்று மாண்டோரைத் தனித்தனியே பங்கிட்டுக்கொண்டு, பங்கிட்ட பின் அவர் பெயரால் மோதுதல் எத்துணைப் பேதைமை!

பெயர் குறித்து மற்றொன்று. கட்டபொம்மன் நாடகமும், 1959-இல் வெளிவந்த திரைப்படமும் நாட்டில் பரவியதால், எட்டப்பன் என்னும் பெயர் காட்டிக்கொடுப்போன் என்னும் பொருளில் உலகவழக்காயிற்று. அருப்புக்கோட்டையிலிருந்து பாஞ்சாலங்குறிச்சிக்குச் செல்லும் வழியிலேயே எட்டையபுரம் உள்ளது. 1882-ஆம் ஆண்டு பாரதியார் பிறந்ததும் அவ்வூரிலேயே. இருநூறாண்டுகளுக்கு முன் ஓர் அரண்மனை கம்பெனியாரின் பக்கம் நின்றதற்காக, இன்று அங்குப் பள்ளி செல்லும் சிறுவன் ஏளனச்சொல் கேட்க வேண்டுமோ? ஊர் ஊராய்ச் செல்லும் வணிகன் இவ்வகைப் பழிச்சொல்லை நாவில் வைத்திருக்க இயலாது. அவ்வூரிலும் அவனுக்கு வாடிக்கைக்காரர் உளர். நாடகம் பார்த்து வீடு திரும்புவோன் மறந்துவிடும் இவ்வுண்மையைக் கடைக்காரன் மறக்க முடியாது.

இனி இரண்டாம் நண்பர் எழுப்பிய தடை. கிறிஸ்தவன் போர்விழாவில் இருக்கலாமா என்பது. சாமுவேலின் முதலாம் புத்தகம் பதினேழாம் அதிகாரத்தை அவர் மீண்டும் படிக்கட்டும். கோலியாத்தை வென்ற தாவீது அக்களத்திற்குப் போர்வீரனாக வரவில்லை. தகப்பனாகிய ஈசாய், படையிலிருந்த மூத்த மக்களுக்கு வறுத்த பயறும் அப்பமும், அவர்தம் தலைவனுக்குப் பால்கட்டியும் கொடுத்தனுப்பி, அவர்கள் நலத்தை விசாரித்து வரும்படி பணித்தான். உணவுச் சுமையோடு வந்த இளைஞனைக் கண்டு மூத்தவனாகிய எலியாப் வெகுண்டு, போரை வேடிக்கை பார்க்க வந்தாயோ என்று கடிந்தான். என் நண்பரின் குரலில் எலியாபின் குரல் சிறிது கேட்கின்றது. படைக்கு உணவு கொண்டுசெல்வது இழிவெனத் திருமறை கூறவில்லை. ஆலயத்தில் வணிகரைக் கர்த்தர் துரத்தினாரே எனின், ஜெபவீட்டைக் கள்ளர் குகையாக்கியதன்மேலேயே அவர் கோபம் சென்றது. எனவே ஆராய வேண்டியது, எவ்விடத்தில் விற்றான் என்பதோடு, எதனை, எம்முறையில் விற்றான் என்பதையுமாம்.

பாஞ்சாலங்குறிச்சியின் அருகே ஆங்கிலேயர் கல்லறைகளும் உள்ளன. அப்போரில் மாண்ட கம்பெனிப் படையினரை அங்கே அடக்கம் செய்தனர். கடையை மாமனிடம் விட்டு யான் அங்குச் சென்று சிறிது நேரம் நின்றேன். கடல் கடந்து வந்து, பிறர் ஊதியத்திற்காகப் போரிட்டு, இச்செம்மண்ணில் துயில்வோர் அவர். அவர்தம் சமயமே என் சமயமும். ஆயினும் என் நெஞ்சம் கோட்டைக்குள் இருந்தோரின் பக்கமே சாய்கின்றது. இவ்விரண்டும் ஒருவன் உள்ளத்தில் ஒருங்கே இருத்தல் கூடும் என்பதை அங்கே உணர்ந்தேன். எதிர்ப்படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் அதிகாரி, 1830-இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்பில் ஊமைத்துரையை வியந்து போற்றியுள்ளார். ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ தந்த கால்டுவெல் ஐயர் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்திலும் இப்போர்கள் விரிவாக எழுதப்பெற்றுள்ளன. பகைவனின் வீரத்தைப் பகைவனே எழுதிவைக்க, ஒரே மண்ணில் பிறந்தோர் ஒருவர் வீரரை மற்றவர் மதியாமை நாணத்தக்கது.

கெட்டிஸ்பர்க் போர் நிகழ்ந்து ஐம்பதாண்டு நிறைந்த 1913-ஆம் ஆண்டில், இருபக்கத்தும் போரிட்டு எஞ்சிய முதியோர் ஐம்பதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் அங்கே கூடினர். அன்று எந்தக் கற்சுவரைத் தாண்ட முயன்று பலர் மாண்டனரோ, அச்சுவரின் இருபுறமும் நின்று கைகுலுக்கினர். நம் நாட்டுப் போர்க்கூத்தின் முடிவும் இத்தகையதே. சூரசம்மாரத்தில் மாமரமாய் நின்ற சூரன் பிளவுண்டபின் அழிவதில்லை. மயிலாகவும் சேவலாகவும் ஆகி, வென்றவனின் ஊர்தியிலும் கொடியிலும் இடம் பெறுகின்றான். எம் சமயம் வேறாயினும், தமிழர் போரை நடித்த முறையில் பகைவனுக்கும் இறுதியில் ஓர் இடம் வைத்தனர் என்பதை யாவரும் பாராட்டலாம்.

இவற்றால் யான் வேண்டுவன மூன்று. முதலாவது, நம் கல்லூரித் தமிழ் மன்றத்தார் வரலாற்று நாடகம் நடிக்கும்போது, அரசனும் தளபதியும் தூக்குமேடையும் மட்டுமே போதும் என்று அமையாது, தானியம் சுமந்தவனையும் துணி நெய்தவனையும் கோட்டைச்சுவருக்கு மண் குழைத்தவளையும் மேடையேற்றல் வேண்டும். சில நாட்களில் ஒரு கோட்டை எழுந்தது என்றால், அதனைத் தளபதி ஒருவனா எழுப்பியிருப்பான்? எத்தனை கூடைகள், எத்தனை கைகள், எத்தனை பானைக் கூழ்! நா. வானமாமலை போன்றோர் தொகுத்துப் பதிப்பித்த கதைப்பாடல்களை இக்கண்ணோடு பயின்றால் நாடகத்திற்கு வேண்டிய பொருள் மிகுதியும் கிடைக்கும்.

இரண்டாவது, நம் மாணவர் இத்தகைய விழாக்களுக்குச் செல்லும்போது, வேடிக்கை பார்ப்போராய்ச் செல்லாது ஒரு பணியோடு செல்லுதல் வேண்டும். தண்ணீர்ப்பந்தல் வைக்கலாம், நியாய விலையில் நல்ல நூல்களை விற்கலாம், ஒரு சிறு வணிகரின் கடையில் ஒரு நாள் உதவியாளாய் அமரலாம். கூட்டத்துள் நிற்பவனுக்கு அக்கூட்டத்தின் முழக்கம் மட்டுமே கேட்கும். கடையில் அமர்பவனுக்கோ ஒவ்வொரு மனிதனும் தனித்தனியே வந்து முகம் காட்டுவான். அரசியல் நூலும் பொருளாதார நூலும் கற்பிக்காத ஒரு கல்வி அவ்விடத்தில் உண்டு.

மூன்றாவது, விழாக்களில் கடை விரிப்போர் தமக்குள் கூடி, பகையை வளர்க்கும் பண்டம் எதனையும் விற்பதில்லை என்று உறுதி கொள்ளல் வேண்டும். மகமை தண்டிப் பேட்டை கட்டிய சீமை இது. வணிகர் கூடி ஒன்றைத் தீர்மானித்தால் அது நிற்கும் என்பதை இவ்வூர்களின் வரலாறே காட்டும். அதிகாரிகளின் தடையுத்தரவு ஒரு வாரத்தில் முடியும்; வணிகர் தம் சரக்கில் தாமே வைத்துக்கொள்ளும் வரம்பு ஆண்டு முழுதும் நிற்கும்.

நம் கல்லூரி மாணவரில் பலர் சிறு கடை வைத்திருப்போரின் மக்கள். படிப்பு முடிந்தபின் ஆசிரியராகவும் அதிகாரியாகவும் ஆக விழையும் நாம், தந்தை அமர்ந்த கடையைப் பிறரிடம் கூற நாணுகின்றோம். அந்நாணம் வேண்டா. வீரர் நிலத்திற்காகப் போரிட்டனர். அந்நிலத்தில் வாழ்வோர்க்கு உப்பும் துணியும் தானியமும் எட்டச் செய்தோர் வணிகர். வீரனுக்குச் சிலை எழுப்புவோம். அவன் வரலாற்றை நடிப்போம். நம் பிள்ளைகளுக்கும் சொல்வோம். அவ்விழாக் களத்தின் ஓரத்தில், எந்த ஊரான் வந்தாலும் எந்தக் குலத்தான் வந்தாலும் ஒரே விலை சொல்லும் கடை ஒன்றும் இருக்கட்டும். அக்கடை அங்கு உள்ளவரை, நடித்த போர் மீண்டும் மெய்யான போராக மாறாது என்று நம்ப இடமுண்டு.